1987 டாப்ஸ் பெட்டி: பத்தாம் ஆண்டுக்கு நானே வாங்கிய பரிசு

பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்க்க ஆரம்பித்து இந்த மாதத்தோடு பத்து வருடம். அதைக் கொண்டாட, அந்த அட்டைகளை வெளியிடும் டாப்ஸ் நிறுவனத்தின் பிரிக்காத 1987 பெட்டி ஒன்றை வாங்கினேன். 36 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 17 அட்டை. அனுப்பியவர் சரியாகக் கட்டாததால் பெட்டியின் ஒரு முனை நசுங்கி வந்தது. நல்லவேளை, உள்ளே எதுவும் மடங்கவில்லை.

மெழுகுத்தாளைப் பிரிக்கும்போதே பழைய மிட்டாய்க் கடை வாசனை. கூடவே சூயிங் கம் பட்டை ஒன்று, தொட்டதும் பொடிந்தது. தயவுசெய்து வாயில் போட்டுவிடாதீர்கள்!

இந்த வரிசையின் அழகே அந்த மரப்பலகை ஓரம்தான். 1962 டாப்ஸில் வந்த அதே எண்ணம். மேலே இடது மூலையில் அணியின் சின்னம், கீழே வண்ணக் கட்டத்தில் வீரர் பெயர். எட்டாவது பாக்கெட்டில் 170ஆம் எண், போ ஜாக்சன். பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து இரண்டிலும் ஆடியவர். கை நடுங்கியது, உடனே உறையில் போட்டேன். அப்புறம் இன்னொரு பேஸ்பால் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ், 320ஆம் எண். அவரைப் போலவே பெயர்பெற்ற மார்க் மெக்வயரின் அட்டை மட்டும் கிடைக்கவில்லை.

பெட்டியில் மொத்தம் 612 அட்டைதான்; முழு வரிசையோ 792. ஆகவே ஒரே பெட்டியில் வரிசை நிறையாது. இவை எக்கச்சக்கமாக அச்சடிக்கப்பட்டவை, விற்று லாபம் பார்க்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். பிரித்துப் பார்க்கும் சந்தோஷத்துக்காக என்றால், தாராளமாக வாங்கலாம். அடுத்த பெட்டிக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.