ஆறு வருடம் பிரீமியம் கட்டியவளின் முதல் கிளைம்

2018 ஆகஸ்டில் எடுத்த மருத்துவக் காப்பீட்டு பாலிசி, 5 லட்சம் கவர். ஆறு வருடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் கட்டிக்கொண்டே இருந்தேன், கேட்க வேண்டிய நிலைமை 2024 செப்டம்பரில் வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம்.

முதலில் தலைவலியைச் சொல்லிவிடுகிறேன். இருமினால், தும்மினால், குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பிடரியில் சம்மட்டி அடி. அரை நிமிடம் கண் இருட்டும், அப்புறம் நாள் பூரா மந்தமாகவே கிடக்கும். மைக்ரேன் என்றார்கள், சைனஸ் என்றார்கள், கண்ணாடி மாற்றினேன், மாமியார் சொன்னார்களே என்று நொச்சி ஆவியும் பிடித்தேன், இப்படியே மூன்று வருடம். ஒரு நாள் காபி டம்ளரை வலது கையில் பிடித்தபோது சூடே தெரியவில்லை, இடது கைக்கு மாற்றியதும் சுட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் எம்ஆர்ஐ எடுத்தார்கள். கியாரி, முதல் வகை. சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டின் துளை வழியாகக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. 5 மில்லிமீட்டர் இறங்கினாலே கியாரி என்பார்களாம், எனக்கு 11. போதாததற்குத் தண்டுவடத்துக்குள் நீர் வேறு கோத்திருந்தது. மாத்திரைக்கு மசியாது, பின்மண்டை எலும்பில் கொஞ்சம் எடுத்து இடம் பண்ண வேண்டும் என்றார் டாக்டர். எஸ்டிமேட் 4 லட்சத்து 20 ஆயிரம்.

கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ்ஸுக்கு எழுதிப்போட்டோம். கேள்வி வந்தது: தலைவலி எத்தனை வருடமாக? இங்கேதான் மாட்டினேன். டூட்டி டாக்டர் விசாரித்தபோது நான் ஸ்கேனுக்குப் போயிருந்தேன், பக்கத்தில் இருந்த அம்மா "இவ சின்ன வயசுலேர்ந்தே தலைவலிக்காரிங்க" என்று வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறார், அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. பரீட்சை நேரத்துத் தலைவலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மறுநாளே மறுப்புக் கடிதம் வந்தது, இரண்டு காரணங்களோடு. ஒன்று, பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டேன். இரண்டு, இது பிறவிக் கோளாறு, பிறவிக் கோளாறுக்குக் கவர் கிடையாது.

அன்று ராத்திரிதான் பாலிசிப் புத்தகத்தை முதல்முறையாகப் படித்தேன், ஆறு வருடமாகப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. பிறவிக் கோளாறை வெளியே தெரிவது, உள்ளே இருப்பது என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். விலக்கு வெளியே தெரிவதற்கு மட்டும்தான். என் சிறுமூளை யார் கண்ணுக்குத் தெரியும்? பழைய நோய் விஷயத்துக்கும் பதில் இருந்தது, அந்தப் புத்தகத்தில் அல்ல, புது விதியில். 60 மாதம் விடாமல் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தாய் என்று சொல்லி மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் கொண்டுவந்துவிட்டது. அதற்கு முன்னால் 8 வருடம்.

டாக்டர் இந்த வலி 2021-ல் தொடங்கியது என்று முதல் ஓபி சீட்டை வைத்துக் கடிதம் கொடுத்தார். அடித்துத் திருத்தாமல் தனிக் கடிதமாகத் தந்தார், அது ரொம்ப முக்கியம், கேஸ் ஷீட்டில் கைவைத்திருந்தால் மறைக்கிறோம் என்று அதையே பிடித்திருப்பார்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில், ஐஆர்டிஏஐ-யின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் புகார். ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை என்று தெரிந்து அந்த விண்ணப்பத்தையும் எழுதி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை, 19-ம் நாள் அனுமதி வந்துவிட்டது. அந்த 19 நாளும் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று காலை 10 மணிக்கு பில் போனது, 3 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி, எனக்கு ஒப்புதல் வந்தபோது மணி ஏழு. அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு 5,000தான் வரம்பு, நாங்கள் எடுத்தது 7,000 அறை. மீதி 2,000 மட்டும்தானே கைவிட்டுப் போகும் என்று நினைத்தது தப்பு, டாக்டர் ஃபீஸ் வரைக்கும் அதே விகிதத்தில் வெட்டினார்கள். கையுறை, பஞ்சு எல்லாம் தனி. என் கையிலிருந்து 94,000 போனது.

இப்போது இருமினால் வலி இல்லை. விரல் மரப்பு பாதிதான் போயிருக்கிறது. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று பார்த்தேன், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டுமாம், நினைவு வந்தபோது 30 நாள்தான் இருந்தது. அதே கம்பெனிக்கே 2025 ஆகஸ்டில் 18 சதவீத ஜிஎஸ்டியோடு கட்டினேன். செப்டம்பர் 22-ல் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.