வருமானம் குறைந்த மாதத்தில் கடன் அட்டை பாக்கி: குறைந்தபட்சத் தொகையா, தவணையா, செட்டில்மென்ட்டா?

நெருக்கடிக் காலத்தில் ஒரு கடன் அட்டை நிறுவனம் வாடிக்கையாளரை எப்படி நடத்தும் என்பதை அறிய அதன் விளம்பரங்களைப் பார்க்க வேண்டியதில்லை. மாதாந்திர ஸ்டேட்மென்ட்டின் மேற்பகுதியே போதும். அங்கே மொத்த நிலுவை ஒரு பக்கமும், அதில் இருபதில் ஒரு பங்காகத் தெரியும் குறைந்தபட்சத் தொகை மறுபக்கமும் அச்சாகியிருக்கும். சம்பளம் பாதியாகிவிட்ட மாதத்தில் யாருடைய கண்ணும் இரண்டாவது எண்ணில்தான் நிற்கும். அந்த இரண்டையும் தவிர வேறு சில வழிகளும் உண்டு என்றாலும், அவை பெரும்பாலும் கேட்டால்தான் கிடைக்கும். அதிலும் கட்ட வேண்டிய நாள் தவறுவதற்கு முன் கேட்டவருக்குக் கிடைக்கும் மரியாதை, தவறிய பின் கேட்டவருக்குக் கிடைப்பதில்லை. நிறுவனம் கேட்காமலே நீட்டும் வழிதான் வாடிக்கையாளருக்கு அதிகம் செலவு வைப்பது என்பதே என் கணிப்பு. அதை ஒரு லட்சம் ரூபாய் பாக்கியை வைத்துக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று கொள்வோம். இந்திய அட்டைகள் பலவற்றில் விகிதம் இதை ஒட்டியே இருக்கிறது. வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்வதால் உண்மையான மாதச் சுமை 4.13 சதவீதம். குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்றால், முதல் மாதம் 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள். மீதமுள்ள 95,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 3,924 ரூபாய் வட்டியும் வரியும் ஏறி, அடுத்த ஸ்டேட்மென்ட்டில் 98,924 ரூபாய் நிற்கிறது. ஐயாயிரம் கட்டியும் கடன் குறைந்தது 1,076 ரூபாய்தான். அட்டையை வேறு எதற்கும் தொடாமல் இப்படியே இரண்டு ஆண்டுகள் கட்டிவந்தால், ஏறத்தாழ 1,06,000 ரூபாய் செலுத்தி முடித்த பிறகும் 77,000 ரூபாய் பாக்கி இருக்கும். வட்டி அன்றாட நிலுவையின் மீது கணக்கிடப்படுவதால் நடைமுறையில் இது இன்னும் சற்றுக் கூடுமே தவிரக் குறையாது.

போதாததற்கு, பழைய பாக்கி ஒரு ரூபாய் இருந்தாலும் வட்டியில்லாக் காலம் ரத்தாகிவிடுகிறது. இன்று வாங்கும் மளிகைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். பலருக்கு இது தெரியாது. வட்டி பழைய பாக்கிக்கு மட்டும்தான் என்று எண்ணிப் புதிய செலவுகளை அதே அட்டையில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

குறைந்தபட்சத் தொகைக்கு நியாயமான ஒரு பயன் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அதைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவிலும் தவறியவர் என்ற குறிப்பு ஏறாது. சம்பளம் பத்து நாள் தள்ளிப்போன ஒரு மாதத்துக்கு இது சரியான வழி. ஆறு மாதம் நீடிக்கும் வருமானக் குறைவுக்குத்தான் இது உதவாது. வட்டியைக் கூட ஈடுகட்டாத அளவுக்கு இத்தொகையைத் தாழ்த்தி வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகள் கூறுகின்றன. கடன் பெருகக் கூடாது என்பதற்குத்தான் அந்த விதி காவல். கடன் தீர வேண்டும் என்பதற்கு அதில் உத்தரவாதம் எதுவும் இல்லை.

இதற்கு எதிரே நிற்பது, பாக்கியை மாதத் தவணையாக, அதாவது இஎம்ஐயாக மாற்றுவது. அதே ஒரு லட்சத்தை ஆண்டுக்கு 16 சதவீதத்தில் 24 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் 4,896 ரூபாய் வருகிறது. முதல் மாத வட்டிக்கான ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் 5,136 ரூபாய்தான். குறைந்தபட்சத் தொகையாகக் கட்டத் தயாராக இருந்த அதே ஐயாயிரத்தைச் சொச்சமும் சேர்த்து மாதந்தோறும் குறையாமல் கட்டினால், இரண்டு ஆண்டில் மொத்தம் ஏறக்குறைய 1,20,700 ரூபாயுடன் கடன் தீர்ந்துவிடுகிறது. அங்கே 77,000 பாக்கி, இங்கே பூஜ்யம். மாற்றுவதற்கான கட்டணம் ஓராயிரத்தைச் சேர்த்தாலும் இந்த வித்தியாசம் அசையாது. குறைகள் இல்லாமல் இல்லை: மாற்றிய தொகை அளவுக்கு அட்டையின் வரம்பு முடங்கும், முன்கூட்டியே அடைத்தால் தனிக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு, ஒரு தவணை தவறினால் அதுவும் பழைய வட்டிச் சுழலுக்குள் போய்விடும்.

தவணை கேட்கும்போது விகிதத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் என் மைத்துனர், ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுபோன சமயத்தில் மூன்று மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு, பிறகு கஸ்டமர் கேரை அழைத்தார். நான் அருகில் இருந்தேன். "மாசம் ஒரு பர்சன்ட்தான் சார்" என்றார் மறுமுனையில் பேசியவர். தவணை எவ்வளவு என்று கேட்டபோது லட்சத்துக்கு 5,167 ரூபாய், 24 மாதம் என்று பதில் வந்தது. ஒரு சதவீதம் என்பது முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை போடப்படும் வட்டி என்பது அப்போதுதான் புரிந்தது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 21.6 சதவீதம். அப்போதும் 42 சதவீதத்துக்கு அது பாதிதான் என்பதால் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் 12 சதவீதம் என்று நம்பி ஒப்புக்கொள்வதற்கும் 21.6 என்று அறிந்து ஒப்புக்கொள்வதற்கும் இடையே, வேறு இடத்தில் விசாரிக்கலாமா என்று யோசிக்கும் வாய்ப்பு இருக்கிறது.

அந்த வேறு இடம் நம் வீடுகளில் பெரும்பாலும் பீரோவுக்குள் இருக்கிறது. வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 9 முதல் 12 சதவீத வட்டியில் கிடைக்கும் நிலையில், வளையலைக் காப்பாற்றுவதற்காக 42 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருப்பது விசித்திரமான சிக்கனம். மீட்க முடியாமல் போனால் நகை ஏலத்துக்குப் போகும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆகவே அடுத்த ஓராண்டுக்குள் வருமானம் திரும்பும் என்ற நம்பிக்கை உள்ளவர்களுக்கே இதைச் சொல்வேன். பாக்கியை வேறொரு நிறுவனத்தின் அட்டைக்கு மாற்றும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சலுகைக் காலம் சில மாதங்களில் முடிந்து முழு வட்டி திரும்பிவிடும். அதைப் பெறவும் நல்ல சிபில் மதிப்பெண் வேண்டும்.

நெருக்கடி ஊருக்கே வந்தபோது என்ன கிடைத்தது என்பதற்கு 2020 சாட்சி. ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு மார்ச் 27-இல் அறிவித்த தவணை ஒத்திவைப்பு கடன் அட்டை பாக்கிகளுக்கும் பொருந்தியது. மூன்று மாதம் என்று தொடங்கி ஆகஸ்ட் 31 வரை நீண்டது. கட்டத் தேவையில்லை என்பதை வட்டி இல்லை என்று பலர் புரிந்துகொண்டார்கள். மேற்சொன்ன விகிதத்தில் ஆறு மாதம் ஒன்றும் கட்டாமல் விட்ட ஒரு லட்சம், வரியும் சேர்ந்து 1,27,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். பிறகு மத்திய அரசு, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கருணைத் தொகையாகத் திருப்பித் தந்தது. கடன் அட்டைகளுக்கு அந்த வித்தியாசம் வழக்கமான அட்டை வட்டியில் கணக்கிடப்படவில்லை. நிறுவனம் தன் இஎம்ஐ பரிவர்த்தனைகளுக்கு வாங்கிய சராசரி விகிதத்தில் கணக்கிடப்பட்டது. வட்டி பெரிய படியால் அளக்கப்பட்டது, நிவாரணம் சின்னப் படியால் அளக்கப்பட்டது. 2021 மார்ச் 23-இல் உச்ச நீதிமன்றம் ஒத்திவைப்புக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்று அனைவருக்கும் பொதுவாகத் தீர்ப்பளித்தபோதும், அந்தக் காலத்துக்கான வட்டியை முழுவதுமாகத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் போட்ட வரம்பும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

அமெரிக்காவில் 2009-இல் நிலைமை வேறு விதமாக இருந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் தேர்ந்தெடுத்த சில வாடிக்கையாளர்களுக்கு, பாக்கியை அடைத்துவிட்டுக் கணக்கை மூடிக்கொண்டால் 300 டாலர் தருவதாகச் சொன்னது. போனால் போதும் என்று காசு கொடுத்து அனுப்பிய கதை அது. அதே ஆண்டு மே மாதம் அங்கே நிறைவேறிய சட்டத்தின்படி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டாகும் என்பதையும், மூன்று ஆண்டில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும். நம் ஸ்டேட்மென்ட்டில் இருப்பது பொதுவான ஓர் எச்சரிக்கை வாக்கியம். அவரவர் கடனுக்கான எண்ணை அச்சிட்டால், மேலே நான் போட்ட கணக்கை யாரும் போட வேண்டியிருக்காது.

கடைசி வழியான செட்டில்மென்ட், அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்வது, குறைந்தபட்சத் தொகைகூடக் கட்டாமல் 90 நாள் கடந்து கணக்கு வாராக்கடன் ஆன பிறகு பெரும்பாலும் தானாகவே தேடி வரும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலிப்பவர்கள் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் நேரத்தையும் எண்ணையும் குறித்துவைத்து நிறுவனத்திடம் புகார் கொடுக்கலாம், 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். ஒன்றரை லட்சம் பாக்கியை அறுபதாயிரத்தில் முடிக்கலாம் என்று போனில் கேட்கும்போது, எல்லா வழிகளிலும் இதுவே மலிவு என்று தோன்றும். ஆனால் சிபில் பதிவில் 'க்ளோஸ்டு' என்பதற்குப் பதில் 'செட்டில்டு' என்று ஏறுகிறது. வீட்டுக்கடனுக்குப் போகும்போது அந்த ஒரு சொல் முன்னால் வந்து நிற்கும். அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதிய கடன் தரவும் முடியாது. வேலையே போய், நகையும் இல்லாமல், தவணையும் கட்ட முடியாதவருக்கு மட்டுமே இது பொருந்தும். அவரும் போன் பேச்சை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது. தொகையும் தேதியும் மீதித் தள்ளுபடியும் எழுதிய கடிதம் முதலில் வர வேண்டும், கட்டிய பின் பாக்கியில்லாச் சான்று வாங்க வேண்டும். பதிவு திருத்தப்படாமலே இருந்தால் எழுத்தில் புகார் தரலாம். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.