கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கேம் ஐடி (அடுத்தவங்க விளையாடி வெச்ச கேம் அக்கவுண்ட்) வாங்க நினைக்கிறவங்க இதைப் படிச்சுட்டு வாங்குங்க. எனக்கு 7,500 ரூபாய் போச்சு

நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எனக்கு ஐடி வித்தவன் நம்பருக்கு அடிச்சுப் பார்த்துட்டேன். ரிங் போகல. டிபியும் காணோம். பிளாக் பண்ணிட்டான். 7,500 ரூபாய். தூக்கம் வரல, அதான் விடியறதுக்குள்ள எழுதி போட்டுடறேன்.

நான் காவேரிப்பட்டணத்துல டூவீலர் மெக்கானிக். வீட்ல பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன், டிவில மாட்டி விளையாடற கேம் மெஷின்) ஒண்ணு இருக்கு. கடை சாத்திட்டு வந்து ஒரு மணி நேரம் கிரான் டூரிஸ்மோ 7ன்ற கார் ரேஸ் கேம் ஓட்டுவேன். முப்பது கார் சேர்த்து வெச்சிருந்தேன், எல்லாம் நானே ஓட்டி ஜெயிச்சு வாங்கினது. லீவுக்கு அக்கா பையன் பர்கூர்ல இருந்து வந்தான். "மாமா, மெக்லாரன் எஃப்1 எப்ப வாங்குவ?"ன்னு தினமும் கேட்டான். கேமுக்குள்ள அந்த கார் ஒரு கோடி கிரெடிட்டுக்கும் (கேம்ல ஜெயிச்சா கிடைக்கிற காசு) மேல. நான் ஓட்டுற வேகத்துக்கு அவன் காலேஜே முடிச்சுடுவான்.

அப்பதான் கேம் ஐடி வாங்கி விக்கிற குரூப் ஒண்ணுல அந்த விளம்பரம் பார்த்தேன். 140 கார், மெக்லாரன் எஃப்1 இருக்கு, ஒரு கோடி கிரெடிட் பேலன்ஸ், விலை 7,000. குரூப் அட்மின் நடுவுல நின்னு முடிச்சுக் குடுப்பாராம், அவருக்கு 500. மொத்தம் 7,500.

நான் சும்மா ஏமாறல. போன் போட்டுப் பேசினேன். "அண்ணா, நீங்க காவேரிப்பட்டணமா? நான் பாலக்கோடுண்ணா, உங்க ஊர் வழியாத்தான் பெங்களூர் போவேன்"ன்னான். அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். நம்ம பக்கத்துப் பையன், என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன். ஐடில இருக்குற கார் எல்லாம் நிக்கிற கேரேஜை வீடியோ எடுத்து அனுப்பினான். கார் கார் காரா ஓடுது. பக்கத்துல உக்காந்திருந்த பையன் "மாமா மெக்லாரன் மாமா!"ன்னு எகிறிக் குதிச்சான். அவன் முகத்தைப் பார்த்துட்டே ஜிபே பண்ணினேன்.

என் கடைக்கு பழைய வண்டி வந்தா நான் முதல்ல குனிஞ்சு பார்க்குறது மீட்டரை. அப்புறம் ஆயில் ஸ்டிக்கை எடுத்து விரல்ல தேய்ச்சுப் பார்ப்பேன். பதினஞ்சு வருஷப் பழக்கம். இந்த 140 கார்ல ஒண்ணுக்குக்கூட எத்தனை கிலோமீட்டர்னு நான் கேக்கல.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். இந்த கேம்ல கார் தேயும். ஓட ஓட ஆயில் கெட்டு பவர் இறங்கும். ஆயில் மாத்தினா அது திரும்பிடும், செலவும் கம்மி. ஆனா கிலோமீட்டர் ஏறிட்டே போனா என்ஜினே தேயுது, அதுக்கு ஆயில் பத்தாது, ஓவர்ஹால் பண்ணணும். பாடியும் இறுக்கம் விட்டுப் போகும், வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்காது. அதுக்கு தனியா ரிப்பேர். இந்த ரெண்டுக்கும் ஆயில் செலவை விட பல மடங்கு கிரெடிட் வேணும். கேமுக்குள்ள இருக்குற பழைய கார் கடையிலகூட ஒவ்வொரு காருக்கும் கிலோமீட்டர் காட்டித்தான் விக்கிறாங்க. இவன் காட்டல.

லாகின் பண்ணி முதல் காரைத் திறந்தேன். 38,412 கிலோமீட்டர். அடுத்தது 31 ஆயிரம். என் பழைய ஐடில இருக்குற அதே போர்ஷே, ஒரு பார்ட்டும் மாத்தாதது, இதுல இருபது குதிரைத் திறனுக்கு மேல கம்மி. கேம்ல இருக்குற டோக்கியோ எக்ஸ்பிரஸ்வே டிராக்கோட நேர் ரோட்டுல பின்னாடி வந்த வண்டியெல்லாம் என்னைத் தாண்டிப் போகுது.

கணக்கு போட்டுப் பார்த்தேன். இந்த கேம்ல ஒரு நாளைக்கு 42.195 கிலோமீட்டர், அதாவது மாரத்தான் தூரம் ஓட்டினா பரிசு டிக்கெட் ஒண்ணு குடுப்பாங்க. தினம் தவறாம அந்தத் தூரத்தை ஒரே கார்ல ஓட்டினாலும் 38 ஆயிரம் வர ரெண்டரை வருஷம் ஆகும். கையால ஓட்டின கிலோமீட்டர் இல்ல இது.

கிரெடிட் பேலன்ஸ்? ஒரு கோடின்னு சொன்னது 41 ஆயிரமா இருந்துச்சு. ஓவர்ஹால் பண்ணவும் வழி இல்ல.

அவனைக் கேட்டேன். முதல் நாள், "ஆயில் மாத்துங்கண்ணா, சரியாயிடும்." ஆயிலும் என்ஜினும் வேறன்னு ஒரு மெக்கானிக்குக்கே பாடம் எடுக்குறான். ரெண்டாவது நாள், "வீட்ல விசேஷம்ணா, நாளைக்குப் பேசறேன்." அன்னைக்கு சாயந்திரம் வாய்ஸ் மெசேஜ்: "நைட்ல கன்ட்ரோலர்ல ரப்பர் பேண்ட் மாட்டி விட்டா அதுவே ஓடி கிரெடிட் சேர்த்துடும்ணா, நான் அப்படித்தான் பண்ணேன்." வண்டி சுவத்துல உரசிட்டே ராத்திரி பூரா சுத்திருக்கு. அதைத்தான் என் தலையில கட்டியிருக்கான். பணத்தைத் திருப்பிக் குடுன்னு கேட்டதுக்கு, "கேம்தானேண்ணா, நிஜ வண்டியா என்ன?"

நான் குடுத்த 7,500 நிஜ ரூபாய்தானே தம்பி. அது எனக்கு ஒரு வாரம் கிரீஸ்ல கை வெச்சு வந்த காசு.

மூணாவது நாள் ஐடியே திறக்கல. பாஸ்வேர்ட் மாறிடுச்சு. பழைய மெயில் அவன் கையிலேயே இருந்திருக்கு, அதை வெச்சுத் திரும்ப எடுத்துக்கிட்டான். இப்ப வேற யாருக்காவது வித்துட்டும் இருப்பான். அட்மினைக் கேட்டா, "டீல் முடிஞ்சு மூணு நாள் ஆச்சு ப்ரோ, எங்க பொறுப்பு இல்ல." அப்ப அந்த 500 எதுக்கு வாங்கினாருன்னு கேட்டேன். குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க.

கேம் கம்பெனிகிட்டயும் போக முடியாது. ஐடி வாங்குறதும் விக்கிறதும் அவங்க விதிப்படியே தப்பு. அது எனக்கு முன்னாடியே தெரியும், ஒத்துக்கறேன்.

விவரமா எழுதணும்னு நினைச்சேன், கை ஓடல. இதை மட்டும் பாருங்க. முடிஞ்சா ஐடியே வாங்காதீங்க. அப்படியும் வாங்குறதா இருந்தா வீடியோ அனுப்பினா நம்பாதீங்க, வீடியோ கால்ல வரச் சொல்லி ஒவ்வொரு காரா திறந்து கிலோமீட்டரைக் காட்டச் சொல்லுங்க, கிரெடிட் பேலன்ஸையும். மெயில் உங்க பேருக்கு மாறாம ஒரு பைசா அனுப்பாதீங்க. நம்ம ஊர்ப் பையன்னு சொன்னா இன்னும் உஷாரா இருங்க. பணம் போயிட்டா உடனே 1930க்கு (சைபர் கிரைம் உதவி நம்பர்) அடிங்க, நான் மூணு நாள் அவன்கூடப் பேசியே வீணடிச்சுட்டேன். இன்னைக்குக் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு அடிக்கப் போறேன். ஜிபே ரசீது, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பத்திரமா இருக்கு.

பையன் இன்னும் எழுந்திருக்கல. மெக்லாரன் போயிடுச்சுன்னு அவன்கிட்ட இன்னும் சொல்லல.