எட்டு வருடம், 14,000 தோட்டா: வீட்டிலேயே ரீலோடிங் செய்த அனுபவம்

2017-ல் டெக்சாஸுக்குக் குடிமாறிய கையோடு .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டாவைச் சுடும் ரிவால்வர் ஒன்று வாங்கினேன். மாதம் ஒரு முறை ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போய் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா சுடுவேன். பெட்டி 20 டாலர். சுட்ட பிறகு மிஞ்சும் காலிப் பித்தளைக் கூடுகளை, அதாவது கேஸ்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டப்போன என்னைப் பக்கத்து மேடையில் இருந்த பெரியவர் தடுத்து, "அதை எனக்குத் தருகிறாயா?" என்று கேட்டார். பித்தளையை எடைக்குப் போடுவார் போல என்று நினைத்தேன். மறுமாதம் அதே கேஸ்களில் புதுத் தோட்டாவோடு வந்து நின்றார். எனக்கு இந்த ரீலோடிங் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்யக் கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பதற்குத் தேவை. நான் நண்பர்களுக்கு இலவசமாகக்கூடக் கொடுப்பதில்லை. என் கைப்பிழைக்கு இன்னொருவர் விரல் போகக் கூடாது. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குச் சில விலக்குகள் தவிரத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கவே தடை. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதைக் கதையாக மட்டும் படிக்கவும். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

நம் செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் 'குண்டு' என்று எழுதிவிடும். தோட்டா என்பது முழுப் பொருள். அதில் பித்தளைக் கேஸ், அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்துப் பவுடர், மேலே ஈயக் குண்டு என்று நான்கு உண்டு. சுட்ட பிறகு நமக்கு மிஞ்சுவது கேஸ் மட்டும்தான். மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டு அடைப்பதுதான் ரீலோடிங்.

இதற்கான கைப்பிடி இயந்திரம்தான் பிரஸ். நான் வாங்கியது நான்கு துளை டரட் பிரஸ், அதாவது நான்கு வேலைக்கான அச்சுகளையும் ஒரே சுழல் தட்டில் மாட்டும் வகை. சிங்கிள் ஸ்டேஜ் வகையில் ஒரு வேலையை 50 கேஸுக்கும் முடித்த பிறகுதான் அடுத்த வேலை. புரோகிரசிவ் வகையில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். வேகம் அதிகம், கண்காணிக்க வேண்டிய இடங்களும் அதிகம். டரட் இரண்டுக்கும் நடுவே. நான்கு முறை கைப்பிடியை இழுத்தால் ஒரு தோட்டா. அவசரப்படாமல் செய்தால் மணிக்கு 120 வரை வருகிறது. பிரஸ், கார்பைடு டை (அச்சு) செட், தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், கேஸ் சுத்தம் செய்யும் டிரம் எல்லாம் சேர்த்து அப்போது 400 டாலர் ஆனது. இந்த எட்டு வருடத்தில் டரட்டைத் திருப்பும் சின்ன பிளாஸ்டிக் துண்டு மட்டும் இரண்டு முறை தேய்ந்தது. ஐம்பதாயிரம் இழுப்புக்கு மேல் இழுத்திருக்கிறேன், அதனால் குறை சொல்ல மாட்டேன்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு .38 ஸ்பெஷல் நல்ல பள்ளிக்கூடம். கேஸ் நேராக இருக்கும், கார்பைடு டையில் எண்ணெய் பூசாமலே ஏறும். சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தின் உச்சவரம்பும் 17,000 பிஎஸ்ஐ-தான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .357 மேக்னம் தோட்டாவுக்கு அதுவே 35,000. எல்லாவற்றையும்விட, ரிவால்வரில் கேஸ் எங்கேயும் பறக்காது. தோட்டாக்கள் நிற்கும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து தட்டினால் கையில் விழும், 50 கொண்டுபோனால் 50-ம் வீட்டுக்கு வரும்.

ஆனால் இதே தோட்டாவுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. இது கறுப்பு வெடிமருந்துக் காலத்தில், 1890-களின் கடைசியில் பிறந்தது. அந்த மருந்துக்காகக் கேஸை நீளமாக வைத்துவிட்டார்கள். இன்றைய புகையில்லாப் பவுடர் அதன் அடியில் ஒரு சிட்டிகை போலக் கிடக்கும். ஞாபக மறதியில் இரண்டாவது தடவை போட்டாலும் வழியாது. மூன்றாவதும் கொள்ளும். துப்பாக்கி வெடித்த படங்களைப் பார்த்தால் பல நேரம் இந்த மாதிரி இரட்டைப் போடல் காரணமாக இருக்கும். அதனால் பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கும் பவுடராகப் பார்த்து வாங்குகிறேன். இரண்டு தடவை விழுந்தால் கண்ணிலேயே தெரியும். பிரஸ்ஸின் உள்ளே கேஸ் வாயைப் பார்த்தபடி ஒரு சின்ன எல்ஈடி விளக்கையும் ஒட்டியிருக்கிறேன். பத்து டாலர்கூட ஆகாத அந்த விளக்குதான் இந்த மேஜையிலேயே விலை மதிப்பான பொருள்.

எத்தனை கிரெயின் பவுடர் போடுகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். பவுடர் கம்பெனிகள் வெளியிடும் அட்டவணையைப் பார்த்து, தொடக்க அளவில் ஆரம்பித்து மேலே போவதுதான் முறை. அடுத்தவர் எழுதியதை வைத்துச் சமையல் செய்யலாம், தோட்டா செய்யக் கூடாது. ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராம், குண்டுமணி எடைகூட வராது. அதிலும் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். முதல் மாதம் என் டிஜிட்டல் தராசு நிமிடத்துக்கு ஒரு எண் காட்டியது. தராசைத் திட்டித் தீர்த்த பிறகுதான் தலைக்கு மேலே ஃபேன் ஓடுவது உறைத்தது. நகைக்கடையில் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இப்போது ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, சோதனை எடைக்கல் வைத்துப் பார்த்த பிறகுதான் உட்காருகிறேன். டெக்சாஸ் ஆகஸ்டில் அது ஒரு தவம்.

முதல் 50-ல் ஏழு தோட்டாக்கள் சிலிண்டரைச் சுழலவிடவில்லை. பிரைமர் முழுக்க உள்ளே போகாமல் துளி வெளியே நின்றதுதான் காரணம். விரல் நுனியால் தடவினால் பள்ளம் தெரிய வேண்டும், மேடு தெரியக் கூடாது. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத்தான் பெட்டியில் அடுக்குகிறேன்.

இரண்டாவது வருடம் நடந்ததை இன்றும் நினைத்தால் உள்ளங்கை வியர்க்கும். சனிக்கிழமை இரவு எட்டரை மணி. ஊரில் ஞாயிறு காலை ஏழு, அம்மா போன் செய்யும் நேரம். ஒரு கேஸ் பிரஸ்ஸில் பாதியில் நிற்கிறது. பேசிக்கொண்டே எழுந்து போனேன். திரும்பி வந்து, பவுடர் போட்டாயிற்று என்ற நினைப்பில் டரட்டைக் கையால் ஒரு படி திருப்பிவிட்டுக் குண்டை வைத்து அழுத்திவிட்டேன். அடுத்த வாரம் ரேஞ்சில் அந்தத் தோட்டா 'டப்' என்றது. வழக்கமான உதையும் இல்லை. நான் அடுத்ததைச் சுட விசையில் விரலை வைத்துவிட்டேன். ரேஞ்சு அதிகாரி பின்னாலிருந்து "ஸ்டாப்!" என்று கத்தித் தோளை அழுத்தினார். பவுடரே இல்லாமல் பிரைமரின் வேகத்தில் மட்டும் குண்டு குழலுக்குள் ஒரு அங்குலம் போய் மாட்டியிருந்தது. சிலிண்டர் தாராளமாகச் சுழன்றது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கலாம். பித்தளைக் கம்பியால் தட்டித் தட்டிக் குண்டை எடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகு போன் சமையலறையில் இருக்கும், கராஜ் கதவு சாத்தியிருக்கும். இடையில் எழுந்திருக்க நேர்ந்தால் பிரஸ்ஸில் இருக்கும் கேஸைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அம்மாவுக்கு, சனிக்கிழமை நான் "பூஜையில்" இருப்பதாக மனைவி சொல்லி வைத்திருக்கிறாள்.

அப்புறம் ஈயம். இதைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. குண்டில் இருப்பதைவிட, சுட்ட பிரைமரின் கரியில் இருக்கும் ஈயம்தான் தூசியாகப் பறக்கும். நான் ஒரு வருடம் கேஸ்களை உலர்ந்த மக்காச்சோளத் தக்கைத் தூளில் உருட்டி, கராஜிலேயே சலித்துக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் ஈயம் என்று வந்தது. வீட்டில் சின்னக் குழந்தை வேறு. அன்றே அந்தத் தூளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் கழுவும் முறைக்கு மாறினேன். கையுறை, தனிச் சட்டை, முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவல். அந்த மேஜையில் காபி டம்ளரைக்கூட வைப்பதில்லை. அடுத்த வருடம் 4-க்கு இறங்கியது.

கேஸின் ஆயுள் எதிர்பார்த்ததைவிட அதிகம். சில கேஸ்கள் இருபது தடவை தாண்டிவிட்டன. வாய்ப்பக்கம் கீறல் விட்டால் அதன் கதை முடிந்தது. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி கேஸை உள்ளங்கையில் குலுக்கினால் போதும். எல்லாம் 'கிணிங் கிணிங்' என்னும், கீறியது மட்டும் மந்தமாக ஒலிக்கும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்கியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பணம் மிச்சமா என்றால், கணக்கு வேடிக்கையானது. 2017-ல் என் தோட்டா 14 சென்ட், கடைத் தோட்டா 40. இன்று எனக்கு 22 சென்ட், கடையில் 50. ஒவ்வொன்றிலும் மிச்சம்தான். ஆனால் மாதம் 50 சுட்டவன் 150 சுட ஆரம்பித்துவிட்டேன். முன்பு மாதம் 20 டாலர் செலவு, இப்போது 33. இந்த லாபத்தை மனைவியிடம் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. 2020-ல் கொரோனாவோடு பிரைமர் கடைகளில் இருந்தே காணாமல் போனது. ஆயிரம் 30 டாலருக்கு வாங்கியதை வெளியே 150-க்கு விற்றார்கள். அலமாரியில் 4,000 இருந்ததால் தப்பித்தேன். பவுடரும் பிரைமரும் தபாலில் வந்தால் ஆபத்துப் பொருள் கட்டணம் தனியாக விழும், ஆகவே உள்ளூர்க் கடையில் வாங்குவதே மேல்.

9 மி.மீ. தோட்டாவுக்கான டை செட்டும் வாங்கி வைத்து ஆறு மாதம் ஆகிறது, இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. கடையில் 50 தோட்டா 14 டாலருக்கே கிடைக்கிறது. அதைச் சுடும் அரைத் தானியங்கித் துப்பாக்கி கேஸை நாலாபுறமும் வீசும், அதைக் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டும். என் முதுகுக்கு வயது நாற்பத்தெட்டு.