மீந்த பனீர்: தண்ணீரிலா, துணியிலா, ஃப்ரீசரிலா?

கொழுப்பு நிறைந்த பால் இரண்டு லிட்டரைத் திரித்தால் கிட்டத்தட்ட 400 கிராம் பனீர் கிடைக்கும். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைக்கு அதில் பாதி போதும். மீதியை எப்படி வைப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறுகிறது.

பனீரில் பாதிக்கு மேல் ஈரம். உப்பு கிடையாது, புளிப்பும் குறைவு. மாதக்கணக்கில் பதப்படுத்திய கெட்டி சீஸ் தாங்குகிற மாதிரி இது தாங்காது. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் ஒரே நாளில் கெட்டுவிடும். ஃப்ரிட்ஜில் சும்மா தட்டில் வைத்தாலோ, உள்ளே இருக்கும் வறண்ட காற்று அதன் ஈரத்தை இழுத்துவிடும். மறுநாள் ஓரமெல்லாம் மஞ்சளாகி, தோல் மாதிரி இறுகிக் கிடக்கும்.

என் முதல் தேர்வு தண்ணீர்தான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை டப்பாவில் ஊற்றி, பனீர் முழுதும் மூழ்கும்படி வைத்து மூட வேண்டும். மேற்பரப்பு காயாது. காற்று படாததால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. பக்கத்தில் இருக்கும் மீன் குழம்பின் வாசமும் ஏறாது. ஆனால் பாக்டீரியாவைத் தண்ணீர் தடுக்காது. அதனால் தினமும் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே தண்ணீரில் மூன்று நாள் ஊறிய பனீரைவிடச் சும்மா டப்பாவில் மூடி வைத்த பனீரே மேல். இன்னொரு குறை, பாலின் மெல்லிய இனிப்பு தண்ணீரில் கரைந்துபோகும். பொரிப்பதற்கு முன் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுக்காவிட்டால் எண்ணெய் தெறிக்கும், ஜாக்கிரதை.

ருசி முக்கியம் என்றால் ஈரத்துணி. அலசிப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்தால் இனிப்பு அப்படியே இருக்கும். புர்ஜிக்கு இதுதான் சரி. ஆனால் இரண்டு நாளுக்கு மேல் நம்ப முடியாது. துணியைக் கொதிநீரில் போட்டு எடுக்காவிட்டால் துணியின் வாடையே பனீரில் ஏறிவிடும்.

ஃப்ரீசர் வேறு கணக்கு. ஒரு மாதம் தாராளமாக வைக்கலாம். ஆனால் உள்ளிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது பனீரின் கட்டமைப்பை உடைத்துவிடுகிறது. உருகியபின் தொட்டால் கொஞ்சம் உதிரும். டிக்காவுக்கு ஆகாது. குழம்புக்கோ இது நல்லதுதான், மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும். துண்டு போட்டு, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, அப்புறம் பையில் போட்டால் வேண்டியதை மட்டும் எடுக்கலாம். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறினால் மிருதுவாகிவிடும். உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. நீண்ட மின்வெட்டில் உருகிப்போய், தொட்டால் இன்னும் குளிர்ச்சியாக இருந்தால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். குளிர்ச்சி போய்விட்டிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எந்த முறையானாலும் ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் அங்கேதான் சூடு ஏறும். உள்ளே பின்பக்கம் வையுங்கள். தொட்டால் வழவழப்பு, முகர்ந்தால் புளிப்பு என்றால் கழுவிப் பயன்படுத்தும் ஆசையே வேண்டாம்.

எங்கள் வீட்டில் பால் திரித்த அன்றே மீதியில் பாதி ஃப்ரீசருக்குப் போய்விடும். மற்ற பாதி தண்ணீரில், மூன்றாம் நாளுக்குள் தீர்ந்துவிடும்.