மன்னர்ஹெய்மா, தெனீகினா? ஜார் படை அதிகாரியைப் புரிந்துகொள்ள யாரைப் படிப்பது

ஜார் காலத்து ரஷ்யப் படை அதிகாரி எப்படி வாழ்ந்தார், எப்படி மேலே வந்தார் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒருவரின் கதையைத்தான் எடுக்கலாம் என்றால் யாரை எடுப்பது? வாசிப்பு வட்டத்தில் பேச வேண்டியிருந்ததால் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: பின்லாந்துக்காரரான கார்ல் குஸ்தாவ் மன்னர்ஹெய்ம், போலந்து மண்ணில் பிறந்த ஆன்டன் தெனீகின். நான் தெனீகினை எடுத்துக்கொண்டேன்.

பதவிப் பட்டியலை மட்டும் பார்த்தால் இருவரையும் பிரிப்பது கஷ்டம். இருவரும் 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போருக்குப் போய் கர்னல் ஆனவர்கள். முதல் உலகப் போரில் இருவரும் ஜெனரல் புருசிலோவின் 8ஆம் படையில் இருந்தார்கள். இருவரும் லெப்டினன்ட் ஜெனரல்கள், இருவரும் 1917இல் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகளை, அதாவது லெனினின் கம்யூனிஸ்டுகளை, எதிர்த்தார்கள்.

சுவாரஸ்யம்தான் வேண்டுமென்றால் மன்னர்ஹெய்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1906 முதல் 1908 வரை, இனவியல் ஆய்வாளர் என்ற போர்வையில் மத்திய ஆசியாவிலிருந்து பீகிங் வரை குதிரையில் போய் உளவு பார்த்தார். வழியில் சீனாவின் வூதாய் மலையில் 13ஆவது தலாய் லாமாவைச் சந்தித்து, அவருக்குத் தன் கைத்துப்பாக்கியையே பரிசாகக் கொடுத்தார். ஆனால் எத்தனை அதிகாரிகளுக்கு இப்படி ஒரு வாழ்க்கை வாய்த்தது?

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: காசும், அதைவிட முக்கியமாக, ஆள் தெரிந்திருப்பதும்.

தெனீகினின் அப்பா சராத்தோவ் பகுதியில் பண்ணையடிமையாகப் பிறந்தவர். கட்டாயமாகப் படைக்குப் பிடித்துப் போகப்பட்டு, 22 வருடம் சிப்பாயாக இருந்து, 1856இல்தான் அதிகாரி ஆனார். மேஜராக ஓய்வு பெற்றபோது மாதம் 36 ரூபிள் பென்ஷன். அதில்தான் குடும்பம் நடந்தது. 1885இல் அவர் இறந்ததும் பென்ஷன் 20 ரூபிளாகக் குறைந்தது. பையன் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தான், போலந்துக்காரரான அம்மா வீட்டில் ஒரு பகுதியில் மாணவர்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டார்.

மன்னர்ஹெய்ம் வீடும் நொடித்துப்போன வீடுதான், இதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா திவாலாகி பாரிசுக்குப் போய்விட்டார், அடுத்த வருடமே அம்மாவும் இறந்துவிட்டார். ஆனால் பிரபுக் குடும்பம் என்ற பேர் இருந்தது. 1886இல் பின்லாந்து கேடட் பள்ளி ஒழுங்கீனத்துக்காக அவரை வெளியேற்றியது. சொந்தபந்தங்களின் சிபாரிசில், பீட்டர்ஸ்பர்க்கின் நிக்கோலயெவ் குதிரைப்படைப் பள்ளியில் இடம் கிடைத்தது. பிறகு, பேரரசிக்குரிய செவாலியே மெய்க்காவல் ரெஜிமென்ட். அங்கே சீருடைக்கும் குதிரைக்கும் விருந்துக்கும் சம்பளம் எந்த மூலைக்கு? ஞானத்தாய் பணம் கொடுத்து உதவினார். 24 வயதில் பணக்கார ஜெனரல் ஒருவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். தெனீகினுக்குக் கல்யாணம் நடந்தது 1918 ஜனவரியில், 45 வயதில், உள்நாட்டுப் போருக்கு நடுவே.

சரி, சிபாரிசு இல்லாதவர் ஒழுங்காகப் படித்து மேலே வர முடியாதா? 1899இல் நடந்ததைப் பாருங்கள். தெனீகின் ஜெனரல் ஸ்டாஃப் அகாடமியில் (போரைத் திட்டமிடும் தலைமையகமான ஜெனரல் ஸ்டாஃபுக்கு அதிகாரிகளைத் தயார்செய்யும் பள்ளி) படித்துத் தேறியிருந்தார். ஜெனரல் ஸ்டாஃபுக்குத் தேர்ந்தவர்கள் பட்டியல் வெளியானது, அதில் அவர் பெயர் இருந்தது. அகாடமிக்குப் புதிதாக வந்த தலைவர் சுஹோத்தின் மதிப்பெண் கணக்கிடும் முறையை மாற்றினார். புதுப் பட்டியலில் தெனீகின் பெயர் இல்லை. அவர் ஜாருக்கே மனு போட்டார். மனுவைத் திரும்பப் பெற்றால் பார்த்துச் செய்கிறோம் என்று பேரம் பேசியபோது, சலுகை வேண்டாம், எனக்குச் சேர வேண்டியது வேண்டும் என்று மறுத்துவிட்டார்.

அரண்மனையில் தேர்ச்சி பெற்ற அதிகாரிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இரண்டாம் நிக்கோலஸ் இவர் முன்னால் வந்ததும், போர் அமைச்சர் குரோபாட்கின் முந்திக்கொண்டு, குணம் சரியில்லாததால் இந்த அதிகாரி ஜெனரல் ஸ்டாஃபில் சேர்க்கப்படவில்லை என்றார். ஜார் சங்கடத்தோடு ஒன்றிரண்டு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். தெனீகின் பழைய பீரங்கிப் படைப்பிரிவுக்கே திரும்பினார். பிறகு குரோபாட்கினுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுத, அவர் விசாரித்துத் தவறை ஒப்புக்கொள்ள, 1902இல்தான் ஜெனரல் ஸ்டாஃபில் இடம் கிடைத்தது. அந்தப் படை எப்படி இயங்கியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை: விதி இருந்தது, அது யாரோ ஒருவரின் மனசைப் பொறுத்து வளைந்தது, கடைசியில் அதே வழியில் நிமிர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சம்பவமும் 36 ரூபிள் கணக்கும் தெனீகினே முதுமையில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பிலிருந்து வருபவை. தன் நேர்மையைப் பற்றித் தானே எழுதுகிறார், கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படிக்க வேண்டும். நான் படித்ததும் மொழிபெயர்ப்பில்தான். இன்னொன்று, 1919இல் அவர் தலைமையிலிருந்த படைகள் உக்ரைனில் யூதர்களைக் கொன்று சூறையாடின. அவர் அதை அடக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை என்ற இரக்கத்தில் இதை விட்டுவிட முடியாது.

1917 புரட்சிக்குப் பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியமென்றால் மன்னர்ஹெய்மையே எடுங்கள். அவர் பின்லாந்தின் மார்ஷல் ஆனார், 1944இல் ஜனாதிபதியும் ஆனார். தெனீகின் பிரான்சில் அகதியாகக் காலம் தள்ளி, 1947இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் இறந்தார். வாழ்க்கைக் குறிப்பு பாதியில் நிற்கிறது. ஜார் படை அதிகாரியைத் தெரிந்துகொள்ள அந்தப் பாதியே போதும். அவசரமென்றால் அகாடமி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, அப்புறம் பின்னால் போய் அப்பாவின் கதையைப் படியுங்கள்.