ரோமும் வெனிஸும்: இரண்டு குடியரசுகள் விழுந்த விதம்

ரோமக் குடியரசு அடிதடியில் செத்தது. வெனிஸ் மூச்சு அடங்கிப் போனது.

கி.மு. 133-இல், நிலமில்லாதவர்களுக்கு நிலம் பங்கிட முனைந்த மக்கள் பிரதிநிதி திபேரியஸ் கிராக்கஸை, மேட்டுக்குடியினரின் மன்றமான செனட்டின் உறுப்பினர்களும் அவர்களுடைய ஆட்களும் உடைந்த பெஞ்சுக் கால்களால் அடித்தே கொன்றார்கள். பேசித் தீர்த்துக்கொண்ட ஊரில் கை ஓங்கிவிட்டது. அப்புறம் நிலமற்றவர்கள் படையில் சேர்ந்தார்கள். பணி முடிந்ததும் நிலம் வாங்கித் தரப் போராடியவர் தளபதிதான், செனட் இழுத்தடித்தது. விசுவாசம் யார் பக்கம் போகும்? கி.மு. 88-இல் தளபதி சுல்லா சொந்தத் தலைநகர் மீதே படை நடத்தினார். கி.மு. 49-இல் சீசர் படையோடு இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைத் தாண்டியபோது பாதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

வெனிஸ் தனிமனிதரைக் கண்டு அஞ்சிய ஊர். 1268 முதல் அதன் தலைவரான டோஜைத் தேர்ந்தெடுக்கக் குலுக்கலும் வாக்கும் மாறி மாறி நடந்தன: குலுக்கலில் 30 பேர், அவர்களில் 9 பேர், அந்த 9 பேர் தேர்ந்தெடுத்த 40 பேர் என நீண்டு, கடைசியில் 41 பேர். குலுக்கல் உருண்டைகளை எடுத்துத் தந்தவன் ஒரு சிறுவன். எவ்வளவு கவனமான ஏற்பாடு! ஆனால் 1297-இல் பழைய குடும்பங்கள் ஊரை ஆண்ட பெருமன்றத்தின் கதவைத் தங்களுக்குள் சாத்திக்கொண்டன. புது ரத்தம் வருவது அரிதானது. என்னை அதிகம் கலங்க வைப்பது இந்த வெனிஸ் நோய்தான். வெளியே எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

1797 மே 12. நெப்போலியன் மிரட்டல். தன்னைத்தானே கலைத்துக்கொள்வதற்காகக் கூடிய பெருமன்றத்துக்குச் சட்டப்படி தேவையான 600 பேர்கூட வரவில்லை.